பிரேமைக் கழற்றுங்கள், வேடிக்கை பின்னால்தான்!

புக்கிட் மெர்தாஜாம்காரர்களுக்கு ஜாலான் ஆறுமுகம் பிள்ளையைத் தெரியாமல் இருக்காது. அந்த என்.டி.எஸ். ஆறுமுகம் பிள்ளை, ஜார்ஜ் டவுன் பீச் ஸ்திரீட்டில் 1937-இல் எழுப்பிய இந்தியா ஹவுஸை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? அசல் ஆர்ட் டெக்கோ! பூவேலை, கொடிவேலையைக் குறைத்துவிட்டு, கோட்டையும் வளைவையும் பெரிதும் நம்பிய பாணி.

அதே பாணி காகிதத்துக்கு வந்து ஒரு மனிதரின் மூக்கைப் பிடித்துக்கொண்டால்? அப்படிப் பிறந்ததுதான் ஆர்ட் டெக்கோ கேலிச்சித்திரம். முகம் ஒரு முட்டை, தாடை ஒரு ஆப்பு, கண் இரண்டு கோடு. ஆனாலும் ஆள் யாரென்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்!

இந்த வித்தையில் ராஜா மிகுவேல் கோவாருபியாஸ். 1904-இல் மெக்சிகோவில் பிறந்தவர். 1923-இல், இருபது வயதுகூட நிரம்பாமல், நியூயார்க் வந்து வானிட்டி ஃபேர் இதழைக் கலக்கினார். அங்கே ‘நடக்கவே முடியாத பேட்டிகள்’ என்று ஒரு வரிசை. வாழ்க்கையில் சந்திக்க வாய்ப்பே இல்லாத இருவரை ஒரே படத்தில் சேர்த்துவைப்பார்கள். 1931 டிசம்பரில் மாட்டியவர் யார் தெரியுமா? நம் காந்தி! எதிரே அமெரிக்க மதப் பிரசாரகி ஏமி செம்பிள் மெக்பர்சன். லண்டனில் இரண்டாம் வட்டமேசை மாநாடு நடந்த சூட்டோடு சூடாக இந்தக் குறும்பு. ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையில் நம் ஓவியர் மாலி, ஆனந்த விகடனில் சங்கீத வித்வான்களைச் சில கோடுகளில் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு உள்ளம் துள்ளுகிறது.

சரி, திரைக்குப் பின்னால் வாருங்கள். இத்தகைய மூலப்படங்கள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. இதழில் பார்க்கும்போது வழுவழுவென்று, கை படாததுபோல் இருக்கும். மூலத்தை நெருங்கிப் பாருங்கள், கலைஞர் அங்கேயே உட்கார்ந்திருப்பார்! குவாஷ் என்னும் அடர்ந்த நீர்வண்ணத்துக்கு அடியில் பென்சில் கோடு தட்டுப்படும். மூக்கு முதலில் நீளமாக இருந்து, மனம் மாறி, வெள்ளை பூசிச் சுருக்கிய தடம் தெரியும். அச்சில் மறையும் என்பதால் அந்தத் திருத்தத்தை யாரும் ஒளித்துவைக்கவில்லை. ஓரத்தில், எந்த அளவுக்குச் சுருக்கி அச்சிட வேண்டும் என்று அச்சகத்துக்கு எழுதிய குறிப்பு இருக்கலாம். பின்பக்கத்தில் அலுவலக முத்திரையோ தேதியோ இருந்தால் அடித்தது யோகம்.

விற்பனைக்கு ஒன்று கண்ணில் பட்டால் பூதக்கண்ணாடியை எடுங்கள். நிறம் முழுக்க ஒரே ஒழுங்கில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது மூலமல்ல, அச்சடித்த பக்கம். தூரிகைத் தடமும் வண்ணத்தின் மேடும் தெரிந்தால் மேலே பேசலாம். கையெழுத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கோவாருபியாஸ் பெரிய எழுத்தில் போடுவார், அதைப் பார்த்து எழுத ஒரு நிமிடம் போதும். யார் யார் கையில் இருந்து வந்தது என்ற தாள் வேண்டும். பிரேமைக் கழற்றி எடுத்த புகைப்படமும் கேளுங்கள். மவுண்ட் அட்டை மூடியிருந்த ஓரத்தின் நிறத்தை நடுப்பகுதியோடு ஒப்பிட்டால், வெயில் எவ்வளவு தின்றிருக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும்.

நம் ஊரில் வெயிலைவிடப் பெரிய எதிரி ஈரம். பினாங்குக் காற்றில் காகிதத்துக்குப் பூஞ்சை பிடிக்கும், பழுப்புப் புள்ளி விழும், வண்ணத்தை வெள்ளிமீன் பூச்சி சுரண்டும். பிரேம் போடுபவரிடம் அமிலமில்லாத அட்டை போடச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, வண்ணம் அதில் ஒட்டிக்கொள்ளும். குளியலறைச் சுவரும் சமையலறைச் சுவரும் வேண்டாம். நடுக்கூடத்தில், ஜன்னல் வெளிச்சம் நேரே விழாத சுவர்தான் சரி. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த மூக்கைப் பார்த்துச் சிரிக்க அதுவே தோதான இடம்!