மாசியில் வரும் அம்மையும் மில்காரருக்கு உள்ள விடுப்பும்

மாசி மகத்தன்று காரமடை அரங்கநாதர் தேர் ஓடி முடியும் சமயத்தில் நம் பக்கம் வெயில் ஏறத் தொடங்கிவிடும். பந்த சேவைக்கும் தண்ணீர் சேவைக்கும் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் வந்து கூடும் நாட்கள் அவை. சின்னம்மை வீடு வீடாகப் புகுவதும் இந்தப் பருவத்தில்தான்.

சூட்டினால் அம்மை போடுகிறது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அதைக் கொண்டுவருவது ஒரு வைரஸ். இருமல், தும்மல், கொப்புள நீர் வழியாகப் பரவும். தொற்றிய 10 முதல் 21 நாளுக்குள் கொப்புளம் தெரியும். தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்கும் தொற்றும். தேர்க் கூட்டத்தில் ஒட்டிக்கொண்டது பங்குனியில் வெளிப்படுவது இப்படித்தான்.

வாசலில் வேப்பிலை செருகுவதை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே நோயாளி இருக்கிறார், யாரும் வராதீர்கள் என்று தெருவுக்கே அது சொல்லிவிடுகிறது. இளநீர், மோர், பருத்தித் துணி எல்லாமே உடம்புக்கு இதமானவை. மருந்து கொடுத்தால் சாமி குத்தம் ஆகிவிடும் என்று ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பெரும் கவலை. அந்தப் பயம் பெரியம்மைக் காலத்தில் வேரூன்றியது. அன்று அதற்கு மருந்தே கிடையாது. பெரியம்மை தடுப்பூசியால் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்துவிட்டது. இன்று வரும் சின்னம்மைக்கு அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

நல்ல உடல்நிலையில் உள்ள சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்த மருந்து இல்லாமலேயே சரியாகிவிடும். பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரல் வரை பாதிக்கலாம். கர்ப்பிணிகள், பச்சிளம் குழந்தைகள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். இதுவரை அம்மை வராத கர்ப்பிணி, அம்மை கண்ட வீட்டுக்குப் போய்வந்திருந்தால் கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பிரசவத்தை ஒட்டிய நாட்களில் தாய்க்கு அம்மை வந்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், அளவை டாக்டர் சொல்லட்டும். ஆஸ்பிரின் கலந்த மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது; இப்யூபுரூஃபனும் வேண்டாம். மெடிக்கல் கடையில் 'காய்ச்சல் மாத்திரை' என்று மட்டும் கேட்டு வாங்காமல், அம்மை என்பதையும் சொல்லுங்கள். தினமும் வெதுவெதுப்பான நீரில் மென்மையாகக் குளிக்கலாம். தோல் சுத்தமாக இருந்தால் கொப்புளம் சீழ் பிடிப்பது குறையும். மூச்சுத் திணறல், உளறல், கழுத்து விறைப்பு, விடாத வாந்தி, நாலு நாள் தாண்டியும் இறங்காத காய்ச்சல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழைத்து மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனைக்கோ கோவை ஜி.எச்.சுக்கோ போய்விட வேண்டும். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது.

சின்னம்மைக்குத் தடுப்பூசியும் உண்டு. அரசின் இலவசப் பட்டியலில் அது இல்லாததால் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. மணல்வாரி என்கிற தட்டம்மைக்கான ஊசி இலவசம்: 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. காரமடை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கு தட்டும்வரை வீட்டில் இருக்க வேண்டும். மில்லுக்குப் போகிறவருக்கு அங்கேதான் சிக்கல். கூலி போய்விடுமே என்று பொருக்கு தட்டும் முன்பே ஷிஃப்டுக்குப் போகிறார்கள். ஸ்பின்னிங்கில் பக்கத்தில் நிற்கும் கர்ப்பிணிக்கு அதனால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் நடக்கிறது என்றால், உங்களுக்கு நோய்க்கால உதவித்தொகை பெறும் உரிமை உண்டு. அதற்குரிய ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். பொதுவாக முதல் இரண்டு நாளுக்கு மட்டும் பணம் வராது. வடமாநிலத்திலிருந்து வந்து லைன் வீட்டில் தங்கி வேலை பார்ப்பவருக்கும் இதே உரிமைதான்.

கொப்புளம் கண்ட அன்றே இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டிச் சான்றிதழ் வாங்குங்கள், அதுதான் ஆதாரம். பிடித்தம் செய்த பணத்தை நிர்வாகம் கட்டவில்லை என்று சந்தேகம் வந்தாலோ, லீவு கேட்டதற்கு வேலைக்கே வர வேண்டாம் என்றாலோ, சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு கோவையில் உள்ள இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணமில்லாத் தொலைபேசி: 1800 11 2526.