தொடைக்குள் ஒரு குடம்

ஷ்… சத்தம் போடாமல் வாருங்கள். கூத்துக் கொட்டகைக்குப் பின்னால், கீற்று மறைப்புக்குள்ளே, ஒற்றை பல்பு வெளிச்சத்தில் துரியோதனன் பீடி குடித்துக்கொண்டிருக்கிறார்!

மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் பக்கம் கோடை வந்துவிட்டால் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. இன்று ‘பதினெட்டாம் போர்’, துரியோதனன் விழுகிற கடைசி நாள் கதை. ஆகவே இன்றைய மாப்பிள்ளை இவர்தான்.

முகத்தில் அரிதாரம் ஏறுகிறது. ராஜ கோபத்துக்கு ஏற்ற சிவப்பு. அதன்மேல் குச்சியால் வெள்ளைப் புள்ளிகள். கை நடுங்கினால் தொலைந்தது, ஆனால் நடுங்குவதே இல்லை. இடுப்பில் பழைய புடவைகளைச் சுற்றிச் சுற்றிப் பருமன் ஏற்றுகிறார்கள். பிறகு கட்டை: புஜத்துக்கு, மார்புக்கு, தலைக்கு. லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்தவை. “இன்னும் இழுத்துக் கட்டுடா தம்பி, விடியற வரைக்கும் ஆடணும்ல!” கயிறு இறுக இறுக மனுஷன் நம் கண்ணெதிரே அகலமாகிறார். பீடியைத் தூக்கி எறிந்ததும் குரலும் மாறிவிட்டது. எனக்குப் புல்லரித்தது, பொய் சொல்லவில்லை.

(இதெல்லாம் ஆம்பளைச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரம் பக்கத்துப் புஞ்சரசந்தாங்கலில் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளுக்கும் கட்டை கட்டிவிட்டது.)

இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊருக்குக் கிரீட நுனியும் சலங்கைக் காலும் மட்டும்தான் தெரியும். பின்னால் நிற்கும் நமக்கோ முழு முதுகு, வியர்வை, முடிச்சுகள் எல்லாம்!

இவர் வில்லன்தானே என்று கூத்துக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். முறைத்தார். “ராஜா வேஷம் சார்” என்றார். சரிதான். தப்பிக்க இவனுக்கு எத்தனை கதவு திறந்திருந்தது! ஐந்து ஊர் போதும் என்று கண்ணன் தூது வந்தபோது ஒன்று. ஊசி முனை மண்ணும் கிடையாது என்றான். சேனை மொத்தமும் அழிந்தபின் மடுவுக்குள் ஒளிந்தானே, அங்கே மூச்சடக்கிக் கிடந்திருந்தால் இன்னொன்று. கரையில் நின்று பாண்டவர்கள் ஏசினார்கள், பொறுக்கவில்லை, எழுந்து வந்துவிட்டான். வியாசர் கதையில் அதற்கப்புறமும் ஒரு கதவு இருக்கிறது. எங்களில் ஒருவனை ஜெயித்தால் ராஜ்ஜியம் உனக்கே, யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்கிறார் தருமர். சகாதேவனைக் கைகாட்டியிருந்தால் முடிந்தது கதை! கதாயுதம் கையில் இருக்கிற துரியோதனனுக்கு முன்னால் சகாதேவன் எம்மாத்திரம்? ஆனால் இளைத்தவனோடு மோத அந்தத் திமிர் விடுமா? வந்து நின்றவன் பீமன். அந்த இடத்தில் எனக்கு அவனைத் திட்டத் தோன்றவில்லை, கும்பிடத் தோன்றியது.

வியாசரில் இல்லாத ஒன்றை நம் ஊர்க்கிழவிகள் சொல்வார்கள். உடம்பில் துணியில்லாமல் என் முன்னால் வந்து நில், என் பார்வை படுகிற இடமெல்லாம் வஜ்ரமாகும் என்றாளாம் அவன் தாய் காந்தாரி. போகிற வழியில் கண்ணன் ஒரு கிண்டல் அடித்தான். ராஜாவுக்கு வெட்கம் வந்து இடுப்பையும் தொடையையும் மறைத்துக்கொண்டான். வஜ்ரமாகாமல் மிச்சம் நின்றது தொடை. சபையில் திரௌபதிக்கு அவன் தட்டிக் காட்டியதும் அதே தொடைதான்.

விடியப் போகிறது. ஓடி வாருங்கள், படுகளம் பார்க்க வேண்டும்! கோயில் மைதானத்தில் 30, 40 அடி நீளத்துக்கு மண் துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். முறுக்கு மீசை, உருட்டு விழி, வண்ணம் இன்னும் காயவில்லை. ரகசியம் ஒன்று சொல்கிறேன்: தொடை மண்ணுக்குள் ஒரு குடம் புதைத்திருக்கிறார்கள். உள்ளே செந்நிறத் தண்ணீர். பீமன் வேஷக்காரர் குறி தப்பாமல் அடிக்க வேண்டும். அடித்தார்! சிவப்பு பொங்கியது. திரௌபதி அதைத் தொட்டுத் தலையில் தடவி, விரித்த கூந்தலை அள்ளி முடிந்தாள். பக்கத்தில் காந்தாரி முறத்தோடும் துடைப்பத்தோடும் ஒப்பாரி வைக்க, என் அருகே நின்ற ஒரு பாட்டி நிஜமாகவே மூக்கைச் சிந்தினாள்.

கிழக்கே போனால் மாமல்லபுரம். தருமர், பீமன், அர்ச்சுனன், திரௌபதி, நகுல சகாதேவர் என்ற பெயர்களில் ஒற்றைக்கல் ரதங்கள். பல்லவர் செதுக்கியது 7-ஆம் நூற்றாண்டில், பாரதப் பெயர்கள் ஒட்டிக்கொண்டது பிற்பாடு. அப்படிப் பெயர் வைத்த ஜனங்களும் துரியோதனனுக்கென்று ஒரு கல்லை ஒதுக்கவில்லை. அவனுக்கு இங்கே மண். ஒவ்வொரு திருவிழாவுக்கும் புதிதாகப் பிசைய வேண்டும்.

படுகளம் முடிந்ததும் ஜனங்கள் பாய்ந்து அந்த மண்ணைப் பிய்த்தெடுக்கிறார்கள். வயலில் தூவினால் விளையும், குதிரில் போட்டால் நிறையும். மறைப்புக்குள் நம் ராஜா தேங்காய் எண்ணெய் தடவி முகத்தை வழித்துக்கொண்டிருந்தார். பாதி சிவப்பு, பாதி அவர். கட்டை அவிழ்த்த பையனைக் கூப்பிட்டார்.

“டேய் தம்பி, எனக்கும் ரெண்டு பிடி எடுத்து வை. தொடை மண்ணா பார்த்து எடு.”