கணக்கில் பிறக்கும் பொருள்கள்

ஒரு பொருளை உலையிலிடுமுன்பே அதன் குணங்களைக் கணக்கிட்டு அறிய இயலுமா? இயலும். எலெக்ட்ரான் ஒவ்வொன்றையும் தொடர்வது ஆகாத காரியம். அவற்றின் அடர்த்தியை அறிந்தாற் போதும் என்று 1964-ல் வால்ட்டர் கோனும் ஹோஹன்பெர்க்கும் நிறுவினர்.

2023 நவம்பரில் கூகிள் டீப்மைண்டு ஆராய்ச்சியாளர் 22 லட்சம் புதுப் படிகங்களைக் கணித்தனர். அப்போதே, அமெரிக்காவின் பெர்க்லியில் யந்திரக் கைகள் 17 நாளில் 41 புதுச் சேர்மங்களை ஆக்கியதாகவும் செய்தி வந்தது. 2024-ல் வேறு விஞ்ஞானிகள் அதை மறுத்தனர். கணக்கு, அணுக்களைத் தனித்தனி இருக்கையில் ஒழுங்காக அமர்த்தியிருந்தது. உலையிலோ அவை இடம் மாறிக் கலந்து அமர்ந்துவிடும். (வகுப்பில் நான் இட்ட வரிசையும் அப்படித்தான்.) அவ்வாறு கலந்தவற்றிற் பல முன்னரே அறியப்பட்டவை. எக்ஸ்கதிர்ப் படத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிய யந்திரம் தவறிற்று என்பதே அவர்கள் வாதம்.