அன்னையின் இரு முகங்கள்

தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்குச் சென்று வருவோர் தேக்காவைப் பாராமல் திரும்புவதில்லை. அங்கே சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் உள்ளது. முன்னாளில் அருகே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தமையால் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றும் அதனை அழைத்தனர். மண்டையோட்டு மாலை அணிந்து, குடலைக் கிழிக்கும் காளியை அங்கே காண்கிறோம். விநாயகரோடும் முருகனோடும் அமைதியாக விளங்கும் அன்னையையும் அங்கேயே காண்கிறோம். ஒரே தாய்க்கு இரு முகங்கள் ஏன்?

வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு, அடக்கி வைத்த ஆசைகளும் அச்சங்களும் நாம் அறியாத மனப்பகுதியில் தங்கிக் கனவில் தலைகாட்டுகின்றன என்றார். இதுவே நனவிலி மனம். அவருடன் சில ஆண்டுகள் பழகிப் பின்னர்ப் பிரிந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டுக் கார்ல் யுங் (1875–1961). தனி மனிதரின் நனவிலிக்கும் அடியில், மனித குலம் முழுமைக்கும் பொதுவான அடுக்கு ஒன்று உண்டு என்பது அவர் கொள்கை. கிணறுகள் பல, அடியில் ஓடும் ஊற்று ஒன்று. அங்குள்ள அச்சுகளே தொல்படிமங்கள். தாய், வீரன், முதியவர், நிழல் என அவை பல. அச்சு பொது; அதில் வார்க்கும் உருவத்தை அந்தந்த மக்களின் வாழ்வு தருகிறது.

தாய்ப் படிமத்தில் அன்பும் அச்சமும் சேர்ந்தே இருக்கும் என்ற யுங், அதற்குக் காளியையே சான்றாகக் காட்டினார். 1941 டிசம்பர் முதல் ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூர்மீது குண்டு வீசிய நாள்களில், மக்கள் பலர் தஞ்சம் புகுந்த இடங்களுள் இக்கோயிலும் ஒன்று. அச்சம் தரும் உருவமே அடைக்கலமும் தந்தது.

யுங்கின் கொள்கையை ஆய்வால் மெய்ப்பிக்க இயலாது என்று மறுக்கும் உளவியலாளர் உண்டு. பக்தர்க்கோ காளி கண்கண்ட தெய்வம். எனினும் நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்று இதில் இருக்கின்றது.

விடியுமுன் எழுந்து, பால்மரம் வெட்டித் திரும்பி, உலை வைக்கும் தாய்க்குச் சில வேளை பிள்ளைமேல் சினம் மூளும். நல்ல தாய்க்குச் சினமே வராது என்று எண்ணி அதைப் புதைத்தால், நிழலாய்ப் பதுங்கி, ஒரு நாள் பிரம்படியாய் வெளிப்படும். அப்பாமார்க்கும் இது பொருந்தும். வீட்டில் வாங்கிய அடியைப் பிள்ளை தன்னினும் சிறியவன்மேல் இறக்குவதைப் பள்ளியில் நாம் காண்கிறோம்.

"அம்மாவுக்கு இன்று அலுப்பு, கோபமாய் வருகிறது, சற்றுப் பொறு கண்ணு, பிறகு பேசலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பெயர் சொல்லி அழைத்த சினம் பாதி அடங்கிவிடும். பிள்ளையும் தன் கோபத்தைக் கையால் காட்டாமல் வாயால் சொல்லக் கற்றுக்கொள்வான்.