கோபம் ஓட்டாக மாறும் வழி

தேர்தல் நேரம். ஒரு வேட்பாளர் பெண்களைப் பற்றிக் கொச்சையாகப் பேசியது வெளியே வருகிறது. நாடே கொதிக்கிறது. தலையங்கங்கள் எழுதப்படுகின்றன, சொந்தக் கட்சிக்காரர்களே முகம் சுளிக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் அவரே ஜெயித்துவிடுகிறார். உடனே நாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம்: “அந்தக் கொதிப்பெல்லாம் சும்மா. ஜனங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியில்லை. ஏன் சரியில்லை என்பதை, டீயைக் குடித்தபடி நிதானமாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு உலகமே அறிந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளலாம்: 2016ல் அமெரிக்காவில் வெளிவந்த டொனால்ட் டிரம்ப்பின் வீடியோ.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடுவோம். 2005 செப்டம்பரில் எடுத்தது. ஒரு டிவி தொடரில் தலைகாட்ட டிரம்ப் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார். ‘ஆக்சஸ் ஹாலிவுட்’ என்ற நிகழ்ச்சியின் தொகுப்பாளர் பில்லி புஷ் கூட இருக்கிறார். கேமரா வெளியே நிற்கிறது. மைக் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் நம் கண்ணுக்குத் தெரிவது பஸ்ஸின் வெளிப்பக்கம் மட்டும். காதில் விழுவது உள்ளே நடக்கும் பேச்சு. கல்யாணமான ஒரு பெண்ணை அடைய முயன்றதை டிரம்ப் சொல்கிறார். பிரபலமாக இருந்தால் பெண்களை எங்கே வேண்டுமானாலும் தொடலாம், விட்டுவிடுவார்கள் என்று பெருமையடிக்கிறார். பிறகு கதவு திறக்கிறது. இருவரும் இறங்கி, வரவேற்க நிற்கும் நடிகையிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள். டிரம்ப்பை ஒருமுறை அணைத்துக்கொள்ளும்படி அந்தப் பெண்ணிடம் புஷ் கேட்கிறார். உள்ளே பேசியது எதுவும் தெரியாமல் அவரும் சிரித்தபடி அணைத்துக்கொள்கிறார்.

2016 அக்டோபர் 7, வெள்ளிக்கிழமை. இந்த வீடியோவை வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. தேர்தலுக்கு 32 நாள்தான் இருந்தது. ஹரிக்கேன் மேத்யூ கரையோரத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் புயல் செய்தியே காணாமல் போய்விட்டது என்று டிரம்ப்பின் உதவியாளராக இருந்த ஹோப் ஹிக்ஸ் பின்னாளில் நீதிமன்றத்தில் நினைவுகூர்ந்தார். நள்ளிரவு தாண்டியதும் டிரம்ப் மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டார். கூடவே அது வெறும் ‘லாக்கர் ரூம் பேச்சு’, அதாவது ஆண்கள் தங்களுக்குள் அடிக்கும் அரட்டை என்றும் சமாளித்தார். சனிக்கிழமை, டிரம்ப்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் ஜான் மெக்கெய்ன் ஆதரவை விலக்கிக்கொண்டார். ஜான் தூன் போன்ற செனட்டர்கள் டிரம்ப் போட்டியிலிருந்தே விலக வேண்டும் என்றார்கள். இனி டிரம்ப்புக்காகப் பேசப்போவதில்லை என்று சபாநாயகர் பால் ரயன் திங்கட்கிழமை கட்சிக்காரர்களிடம் சொல்லிவிட்டார். தங்களுக்கு நேர்ந்த சீண்டல்களை ஆயிரக்கணக்கான பெண்கள் ட்விட்டரில் எழுதினார்கள். பில்லி புஷ்ஷின் வேலை போனது. ஆக, எதிர்ப்பு எழுந்தது நிஜம்.

இப்போது நவம்பர் 8க்கு வருவோம். டிரம்ப் ஜெயித்தார். ஆனால் மொத்த ஓட்டில் அவருக்குக் கிடைத்தது 46.1 சதவீதம், எதிர்த்து நின்ற ஹிலாரி கிளின்டனுக்கு 48.2. கிட்டத்தட்ட 29 லட்சம் ஓட்டு குறைவாக வாங்கியவர்தான் அதிபரானார். அங்கே அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் இடங்கள். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து ஏறக்குறைய 78,000 ஓட்டு வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்தது. அதனால் “நாடே ஏற்றுக்கொண்டது” என்பது கணக்குப்படியே நிற்காது. ஆனாலும் ஏறத்தாழ 6 கோடியே 30 லட்சம் பேர் அவருக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் மனதில் என்ன இருந்தது?

இங்கேதான் எல்லோருக்கும் வருகிற தவறான புரிதல் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம். அன்று ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்களிடம், அதாவது எக்ஸிட் போலில், “பெண்களை டிரம்ப் நடத்தும் விதம் உங்களை உறுத்துகிறதா?” என்று கேட்டார்கள். ‘ரொம்ப உறுத்துகிறது’ என்றவர்கள் சுமார் பாதி. ‘ஓரளவு’ என்றவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. ஆகப் பத்தில் ஏழு பேருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ‘ஓரளவு’ என்றவர்களில் பெரும்பாலோர் சற்று முன்புதான் டிரம்ப்புக்கே ஓட்டுப் போட்டிருந்தார்கள்! இவர்கள் அந்தப் பேச்சை ரசித்தவர்கள் அல்ல. அது தப்பு என்று தெரிந்தே போட்டவர்கள். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது ஒரு வாக்கியம்; ‘அதனால் அவருக்குப் போடமாட்டேன்’ என்பது வேறொரு வாக்கியம். முதலாவதைச் சொன்னவர் இரண்டாவதையும் சொல்லிவிட்டதாக நாம்தான் எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டுக்கும் இடையில் என்ன நிற்கிறது? கையில் இருப்பது ஒரே ஓட்டு. அதில் தீர்க்க வேண்டிய விஷயங்கள் பல. அந்த வருடம் பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி அன்டனின் ஸ்காலியா இறந்துபோனார். அந்த இடத்தைக் குடியரசுக் கட்சி கையில் இருந்த செனட் நிரப்பவிடாமல் வைத்திருந்தது. கருக்கலைப்பு, துப்பாக்கி உரிமை என்று பல வழக்குகளின் தலைவிதி அந்த ஒரு நாற்காலியில் இருந்தது. எதிரே நின்றவரோ, குடியரசுக் கட்சிக்காரர்கள் இருபது வருடமாக எதிர்த்துவந்த ஹிலாரி. இந்த நிலையில் இருக்கும் வாக்காளருக்கு டிரம்ப்பைத் தண்டிக்க வேண்டுமென்றால், தான் நம்பும் எல்லாவற்றையும் சேர்த்தே விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த விலையைக் கொடுக்க அவர் தயாராக இல்லை. குடியரசுக் கட்சி வாக்காளர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கட்சியோடு நின்றது இப்படித்தான்.

“இது நீங்கள் சொல்லும் சமாதானம்தானே, சாட்சி எங்கே?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். நல்ல சாட்சி ஒன்று நான்கு வருடம் முன்பே, 2012ல், மிசௌரி மாநிலத்தில் இருக்கிறது. அமெரிக்க ஓட்டுச்சீட்டு நம் ஊர் மாதிரி ஒரே போட்டிக்கானது அல்ல. அதிபர், செனட்டர், பிரதிநிதிகள் சபை உறுப்பினர், ஆளுநர், உள்ளூர்ப் பதவிகள் என்று வரிசையாக அச்சடித்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குறியிடலாம். அந்த வருடம் அங்கே குடியரசுக் கட்சியின் செனட் வேட்பாளர் டாட் ஏகின். ஆகஸ்ட் மாதம் ஒரு டிவி பேட்டியில், நிஜமான பலாத்காரம் என்றால் கரு உருவாகாமல் பெண்ணின் உடலே பார்த்துக்கொள்ளும் என்ற பொருளில் உளறினார். கணிப்புகளில் அதுவரை அவர்தான் முன்னால் இருந்தார். விலகச் சொல்லிக் கட்சித் தலைமையே கெஞ்சியது, விலகவில்லை. கட்சி பணத்தை நிறுத்தியது.

தேர்தல் முடிவைப் பாருங்கள். அதே மாநிலத்தில், அதே நாளில், அதே சீட்டில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மிட் ராம்னிக்கு 54 சதவீதம். ஏகினுக்கு 39. இடையில் உள்ள 15 சதவீதம் யார்? சீட்டின் மேலே ராம்னிக்குக் குறியிட்டுவிட்டு, கொஞ்சம் கீழே வந்ததும் ஏகினைத் தாண்டிப் போனவர்கள்தான் அதில் பெரும்பங்கு. சிலர் எதிரணியின் கிளேர் மெக்காஸ்கிலுக்குப் போட்டார்கள். மூன்றாவது கட்சிக்காரருக்குக்கூட 6 சதவீதம் விழுந்தது. இந்தியானாவிலும் அதே கதை. அங்கே அதே கட்சியின் செனட் வேட்பாளர் ரிச்சர்ட் மர்டாக் பலாத்காரத்தால் உண்டாகும் கருவைப் பற்றிப் பேசி மாட்டிக்கொண்டு தோற்றார். ராம்னியோ அங்கே சுலபமாக ஜெயித்தார். தங்கள் கட்சியைக் கைவிடாமலே ஆளை மட்டும் ஒதுக்க வழி இருந்தது, வாக்காளர்கள் ஒதுக்கினார்கள். 2016ல் அதிபர் பதவிக்கு அந்த வழி இல்லை. சீட்டுகள் அச்சாகிவிட்டன, சில மாநிலங்களில் முன்கூட்டிய வாக்குப்பதிவே தொடங்கிவிட்டது, வேட்பாளரை மாற்ற நேரமில்லை. விலகச் சொன்ன ஜான் தூனே சில நாளில் “டிரம்ப்புக்குத்தான் போடுவேன்” என்று திரும்பி வந்தார்.

“கணிப்புகளில் டிரம்ப் தடாலென்று விழுந்தாரே, பிறகு எப்படி எழுந்தார்?” என்பது அடுத்த கேள்வி. சிலர் நிஜமாகவே விலகியிருக்கலாம். ஆனால் விழுந்ததில் ஒரு பங்கு மாயத் தோற்றம். டீக்கடையில் தினமும் ஒரு கட்சிக்காக வரிந்துகட்டிப் பேசுபவரை நமக்குத் தெரியும். தலைவர் ஏதாவது உளறிவைத்த மறுநாள் அவர் கடைப்பக்கமே வரமாட்டார். அன்றைக்குக் கடையில் தலை எண்ணினால் அந்தக் கட்சிக்கு ஆளே இல்லாதது போல இருக்கும். அவர் கட்சி மாறவில்லை. வீட்டில் பேப்பரை மடித்துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கருத்துக்கணிப்பிலும் இதே கதைதான். சங்கடமான வாரத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள் போனை எடுப்பதில்லை, கேள்விக்குப் பதில் அனுப்புவதில்லை. 2012ல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியாக வாரக்கணக்கில் கருத்துக் கேட்ட ஆண்ட்ரூ கெல்மன் குழு இதைக் கண்டறிந்தது: ஒபாமா முதல் விவாதத்தில் சொதப்பியபின் தெரிந்த பெரும் சரிவில் பெரும்பகுதி, ஒபாமாவின் ஆட்கள் பதில் சொல்லாமல் ஒதுங்கியதால் வந்தது. 2016ல் வீடியோ வந்தபின் டிரம்ப் ஆதரவாளர்கள் அப்படி ஒதுங்கியதை யூகவ் நிறுவனமும் கவனித்துச் சொன்னது.

இன்னொரு பேச்சு உண்டு: “பெண்களே அவருக்குத்தானே போட்டார்கள்?” எக்ஸிட் போல்படி பெண்களில் 54 சதவீதம் ஹிலாரிக்கு, 41 சதவீதம் டிரம்ப்புக்கு. ஆண்களில் 52 சதவீதம் டிரம்ப்புக்கு. வெள்ளையினப் பெண்களை மட்டும் எடுத்தால் டிரம்ப் முன்னால். அவர்களில் பலர் காலங்காலமாகக் குடியரசுக் கட்சிக்காரர்கள். பெண் என்பதால் மட்டும் ஒருவர் தன் ஊரையும் மதத்தையும் வரிக்கவலையையும் மறந்துவிட்டு ஒரே விஷயத்துக்காக ஓட்டுப் போட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஆணிடம் அப்படி யாரும் எதிர்பார்ப்பதில்லை.

தேர்தல் ஆணையம் தடுக்கவில்லையா என்றும் நமக்குத் தோன்றும். அமெரிக்காவின் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் பார்ப்பது பணக்கணக்கைத்தான். பேச்சில் அது தலையிடாது. நம் நாட்டில் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. 2019ல் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் தன்னை எதிர்த்து நின்ற ஜெயப்பிரதாவைப் பற்றி ஆபாசமாகப் பேசியதாக வேட்பாளர் அசம் கானுக்கு 72 மணி நேரம் பிரசாரத் தடை போட்டார்கள். அவரும் ஜெயித்தார். நடுவர் விசில் ஊதினாலும் ஊதாவிட்டாலும், வாக்காளர் போடும் கணக்கு அதேதான்.

அப்படியானால் அந்தக் கோபம் எங்கே போனது? ஆவியாகிவிடவில்லை. டிரம்ப் பதவியேற்ற மறுநாள், 2017 ஜனவரி 21 அன்று, அமெரிக்க நகரங்களில் பல லட்சம் பெண்கள் ஊர்வலம் போனார்கள். 2018 தேர்தலுக்குப் பின் பிரதிநிதிகள் சபையில் 102 பெண்கள் உட்கார்ந்தார்கள். அதுவரை அத்தனை பேர் இருந்ததில்லை. 2023ல் எழுத்தாளர் ஈ. ஜீன் கேரல் தொடர்ந்த வழக்கில் ஜூரிகளுக்கு அதே வீடியோ போட்டுக் காட்டப்பட்டது. பாலியல் அத்துமீறலுக்கும் அவதூறுக்கும் டிரம்ப் பொறுப்பு என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். 2024ல், வணிகக் கணக்குகளைத் திரித்ததாக டிரம்ப் மீது நடந்த நியூயார்க் வழக்கில், அந்த வீடியோ கிளப்பிய பயத்தில்தான் இன்னொரு பெண்ணின் வாயை அடைக்க 1,30,000 டாலர் போனது என்று அரசுத் தரப்பு வாதிட்டது; ஜூரிகள் 34 குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளி என்றார்கள். ஜனங்களுக்கு இது பொருட்டில்லை என்று அவருடைய ஆட்களே நம்பியிருந்தால், அந்தப் பணத்துக்கு என்ன அவசியம்? அதே வருடம் அவர் மறுபடி அதிபர் தேர்தலில் ஜெயித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறுபடியும் ஒரே ஓட்டு, மறுபடியும் பல விஷயங்கள்.

ஆகவே ஒரு வெற்றியை மன்னிப்பு என்று படிக்க வேண்டாம். இந்த இருவரில் யார் என்பதுதான் ஓட்டுச்சீட்டு கேட்கும் கேள்வி. அவர் பேசியது சரியா என்று அது கேட்கவே இல்லை. தனியாகக் கேட்டபோது பத்தில் ஏழு பேர் பதில் சொல்லிவிட்டார்கள். இனி எங்காவது ஒரு வேட்பாளர் இப்படி வாயை விட்டு மாட்டிக்கொண்டால், கோபம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். கோபப்பட்ட சொந்தக் கட்சிக்காரருக்கு, கட்சியை விடாமல் இந்த ஆளை மட்டும் விட வழி இருக்கிறதா என்று பாருங்கள். கட்சி வேட்பாளரை இன்னும் அறிவிக்காத கட்டம் என்றால் அந்த வழி அகலமாகத் திறந்திருக்கும். மாற்று ஆள் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். சீட்டு அச்சான பிறகு என்றால் அநேகமாக மூடியிருக்கும். கோபத்துக்கு அதிகப் பலன் கிடைப்பது அந்த முதல் கட்டத்தில்தான். நாமோ பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தில்தான் கோபப்படத் தொடங்குகிறோம்.