சலாமிஸ் நீரிணைப் போர்

கி. மு. 483ஆம் ஆண்டளவில் லோறியம் சுரங்கத்தில் வெள்ளி பெருமளவில் வெளிப்பட்டது. அதனைத் தலைக்குப் 10 திராக்மாவாகப் பங்கிடவே ஏதென்ஸ் நகரத்தார் எண்ணினர். கைக்கெட்டிய பணத்தை விட எவர்தாம் எளிதில் இசைவர்? எனினும் தெமிஸ்தோக்கிளிஸ் அவர்களை இசைவித்தான். அயல்தீவாகிய ஈஜினாவின் பகையைக் காரணங்காட்டிப் போர்க்கலங்கள் கட்டுவித்தான்.

கி. மு. 480இல் பாரசீகப் பேரரசன் சேர்க்சிஸ் படையெடுத்து வந்தான். தெர்மோப்பிலேக் கணவாயில் லியோனிதாஸ் மடிந்தான், ஏதென்ஸ் தீக்கிரையாயிற்று. கிரேக்கக் கடற்படை சலாமிஸ் தீவருகே ஒதுங்கி நின்றது. அப்பொழுது, கிரேக்கர் இரவோடிரவாக ஓடப் போகின்றனர் என்று தன் ஏவலாளன் மூலம் பகைவருக்குச் சொல்லியனுப்பினான் தெமிஸ்தோக்கிளிஸ். அது முழுப் பொய்யுமன்று. ஓட விரும்பியோர் பலர் இருக்கவே செய்தனர்! அதனை நம்பிய பாரசீகர் ஒடுங்கிய நீரிணையினுள் நுழைந்தனர். அங்கே அவர்தம் கலங்களின் பெருந்தொகையே அவர்க்குப் பகையாயிற்று. முன்னே சென்றவை திரும்ப வழியின்றிப் பின்னே வந்தவற்றோடு மோதின. கரைக்குன்றில் வீற்றிருந்த சேர்க்சிஸ் அவ்வழிவைக் கண்ணாரக் கண்டான்.

ஏதென்ஸின் கலமொன்றில் துடுப்பு வலித்தோர் 170 பேர். அவருட் பலர் அந்தப் 10 திராக்மாவைக் கைவிட்ட ஏழைக் குடிகள். பின்னாளில் நகர அவையில் அவர்தம் குரல் ஓங்கியது. தெமிஸ்தோக்கிளிசோ நகரைவிட்டு விலக்கப்பட்டு, சேர்க்சிசின் மகனிடமே அடைக்கலம் புகுந்தான்.