வீட்டு மரங்களில் உளுவும் செல்லும்

உத்தரத்தின் கீழே மாவு போன்ற தூள் கொட்டிக் கிடக்கக் கண்டதும், "செல் பிடித்துவிட்டது" என்று கூறுவது நம் கிராமங்களில் வழக்கமாய் இருக்கிறது. இத்தவறான எண்ணத்தால் விளையும் நஷ்டம் கொஞ்சமன்று. குடியானவர் ஒருவர் இவ்வாறே கருதி, தமது மாட்டுக்கொட்டகையின் சுவரோரமெங்கும் மண்ணைத் தோண்டிக் கறையான் மருந்தை ஊற்றினார். தூள் கொட்டுவது நிற்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மாமரத் தூலம் நடுவில் முறிந்து, கறவைப் பசுவொன்று மடிந்தது. அத்தூலத்தைப் பிளந்து பார்த்தபோது அதில் மண் என்பதே காணப்படவில்லை. உள்ளே முழுதும் தூளாகவே இருந்தது. அது உளுவண்டின் வேலை.

செல் என்னும் கறையான் தரையினின்று மண் குழாய் கட்டிக்கொண்டு ஏறும், ஈரத்தை நாடும், தூளை வெளியே தள்ளாது. உளுவண்டோ காய்ந்த மரத்திலேயே வாழும். தாய்வண்டு மரத்தின் நுண்ணிய துளைகளில் முட்டையிட, புழு மரத்திலுள்ள மாச்சத்தைத் தின்று மாதக்கணக்கில் உள்ளேயே வளர்ந்து, வண்டாகிய பின்னரே குண்டூசித் தலையளவு துவாரமிட்டு வெளிப்படும். ஆகவே நாம் காணும் துவாரம் பூச்சி புகுந்த வழியன்று, போன வழியாகும். அதில் மெழுகை அடைப்பதனால் யாதொரு பயனுமில்லை.

மாச்சத்து மிகுந்த மா, ரப்பர், மூங்கில் ஆகியவை எளிதில் உளுக்கும். தேக்கிலும் வைரம் பாயாத வெளிறு தப்பாது. தேக்கு என்ற பெயருக்காக வெளிறுக்கும் விலை கொடுப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

தூள் பழையதா புதியதா என்றறிய, அதைப் பெருக்கிவிட்டுத் துவாரங்களைச் சுற்றிச் சுண்ணாம்பினால் குறியிட்டு, ஒரு மாதம் கழித்துப் பார்க்கவும். புதுத்தூளோ புதுத் துவாரமோ தோன்றினால் பூச்சி உள்ளே உயிரோடிருக்கிறது. பாரம் தாங்கும் மரமாயின் தமரூசியால் பல இடங்களிற் குத்திப் பார்க்க வேண்டும். ஊசி தடையின்றி இறங்கினால் முதலில் முட்டுக் கொடுத்து, பிறகு மரத்தை மாற்றுவதே முறை. மருந்து பூசி அதை மீட்க முடியாது.

புது மரத்திற்கும் மூங்கிலுக்கும் முன்னதாகவே மருந்திடுவது சிக்கனம். நூறு லிட்டர் தண்ணீரில் வெண்காரம் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ கரைத்து, பிளந்த மூங்கிலை ஒரு வாரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தலாம். வீட்டிலுள்ள மரத்திற்கு, வர்ணத்தைச் சுரண்டிய பின் இக்கரைசலை இரண்டு மூன்று முறை பூசலாம். மழையில் நனையும் மரத்தில் இது கரைந்துபோகும். பத்தாயத்தின் உட்புறம் பூசலாகாது. மிஞ்சியதை மாடு குடிக்காமலும் பயிரில் பாயாமலும் பார்த்துக்கொள்க, பயிர் கருகும். மருந்து வாங்க வசதியில்லாதவர், முற்றிய மூங்கிலை வெட்டி ஒரு மாதம் ஓடும் நீரில் அமிழ்த்தி வைக்கும் பழைய வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். மாச்சத்துப் பெரிதும் நீரில் கழிந்துவிடும்.

செல் ஏறிய வீட்டில் மண் குழாயை உடைத்து, அது புறப்படும் இடத்தையும் ஈரம் கசியும் இடத்தையும் கண்டு சரிசெய்ய வேண்டும். நிலத்திற்கிடும் மருந்தைப் பயிற்சி பெற்றவரைக் கொண்டே இடுவிக்கவும். தடை செய்யப்பட்ட ஆல்டிரின் பழைய டப்பாக்களில் எஞ்சியிருந்தால் தொடவேண்டாம்.

விரல் நுழையும் வட்டத் துவாரமிடும் கருவண்டு வேறு வகை. அது மரத்தைத் தின்பதில்லை, கூடு மட்டுமே அமைக்கும். துவரைக்கும் சணப்புக்கும் மகரந்தம் சேர்க்கும் இவ்வண்டைக் கொல்லாமல், கைமரத்திற்கு வர்ணம் பூசிவிட்டு, வேலியில் சில காய்ந்த மூங்கில்களை அதற்கென விட்டுவைப்பது நலம்.